காண்பார் இல்லாத வழியில்

மனிதன் நெறியோடு நடப்பது பிறர் கண்ணுக்கு அஞ்சியா, தன் உள்ளத்துக்கு அஞ்சியா? பழைய கேள்விதான். கிரேக்க ஞானி பிளேட்டோ தமது ‘குடியரசு’ நூலில் இதற்காகவே ஒரு மோதிரக் கதையை எடுத்து வைக்கிறார். லிடியா நாட்டு இடையன் ஒருவனுக்கு, அணிந்தவனைப் பிறர் பார்வையிலிருந்து மறைக்கும் மோதிரம் கிடைக்கிறது. அதன் துணையால் அவன் அரசனைக் கொன்று அரியணையையே கைப்பற்றிக் கொள்கிறான்.

அத்தகைய மோதிரத்துக்கு எங்கே போவது என்று நேயர்கள் நகைக்கலாம். முதுகில் ஒரு பையைச் சுமந்துகொண்டு நான்கைந்து நாள் காட்டுக்குள் நடந்தால் போதும், அது தானே விரலில் ஏறிவிடும்.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், 1938-இல் அமைந்த ஒலிம்பிக் தேசியப் பூங்காவில் ஹோ என்றோர் ஆறு ஓடுகிறது. ஒலிம்பஸ் மலையின் பனிப்பாறைகளில் பிறந்து மேற்கே பசிபிக் கடலில் கலப்பது. ஆண்டுக்கு ஏறத்தாழ 3,500 மில்லிமீட்டர் மழை! கிளையெல்லாம் பாசி தொங்க, வானளாவிய ஸ்ப்ரூஸ் மரங்களும் ஹெம்லாக் மரங்களும் நிற்கின்றன. எல்க் என்னும் பெருமான் கூட்டம் அவற்றினூடே மேய்கிறது. அந்த ஆற்றை ஒட்டி, பனிப்பாறையின் அருகே உள்ள புல்வெளி வரை, சுமார் 28 கிலோமீட்டர் நடைபாதை செல்கிறது. உள்ளே போகப் போக மனித முகம் அருகிவிடும்.

இப்பயணத்துக்கு ஒருவன் வீட்டில் அமர்ந்து திட்டமிடுகிறான் என்று கொள்வோம். இரவு தங்க முன் அனுமதி பெற வேண்டும். உணவு மட்டுமன்றி, பற்பசை, சோப்பு, குப்பை என மணக்கும் எதனையும் கரடிக்கு எட்டாமல் காக்க வேண்டும். அதற்கென்றே, கரடியால் திறக்க முடியாத கெட்டியான டப்பா இருக்கிறது. ஏறத்தாழ ஒரு கிலோ எடை. ஒவ்வொரு கிராமாகக் கழித்துப் பை கட்டுகிறவனுக்கு இந்த ஒரு கிலோ உறுத்தாமல் இருக்குமா?

“கரடி வந்தால் என் சோறுதானே போகும்?” என்று அவன் வாதாடலாம். வாதம் சரியன்று. மனிதர் உணவைச் சுவைத்துவிட்ட கரடி மீண்டும் மீண்டும் கூடாரங்களைத் தேடி வருகிறது. அச்சம் விட்டு ஆபத்தாகிறது. இறுதியில் அதனைக் கொன்றுவிட நேர்வதும் உண்டு. சோம்பியவன் அதற்குள் ஊர் சேர்ந்திருப்பான். அவனுக்குப் பின் வந்து அங்கே உறங்குபவரும் அந்த விலங்கும் அவன் கடனைச் செலுத்துகின்றனர். கழிவை நீரிலிருந்து 60 மீட்டர் விலகிக் குழி தோண்டிப் புதைக்க வேண்டும் என்னும் விதியும் இத்தகையதே. கீழ்க்கரையில் நீர் மொள்ளுபவனின் முகத்தை நாம் காணப் போவதில்லை.

இங்கே ஒன்று கவனிக்கத் தக்கது. மழையில் நனைந்து, கால் ஓய்ந்து, இருட்டில் நிற்பவனிடம் அறம் பேசிப் பயனில்லை. அவ்வேளையில் அவன் செய்யக்கூடியது, பையில் எது இருக்கிறதோ அதுதான். ஆகவே யாரும் காணாத காட்டில் அவன் எப்படி நடப்பான் என்பது, பெரும்பாலும் வீட்டு விளக்கொளியில், வயிறு நிறைந்திருக்கும்போதே முடிவாகிவிடுகிறது. சபர் புறப்படுமுன் யாருக்கு என்ன பாக்கி என்று எண்ணிப் பார்த்த நம் முன்னோருக்கு இது புதிதாய்த் தோன்றியிராது.

இத்தனை முன்னேற்பாடு வனத்தின் சுதந்திரத்தைக் கெடுத்துவிடாதா என்று கேட்போர் உளர். வனம் அவ்வளவு எளிதில் திட்டத்துக்குள் அடங்குவதில்லை. 2024 டிசம்பரில் ஹோ ஆறு பூங்காவுக்குச் செல்லும் சாலையையே அறுத்துக்கொண்டு போயிற்று. 2025 மே மாதத்தில்தான் அது மீண்டும் திறக்கப்பட்டது. 1964-ஆம் ஆண்டின் அமெரிக்க வனாந்தரச் சட்டமும் மனிதனை அங்கே தங்கிவிடாத விருந்தாளியாகவே கருதுகிறது. விருந்தாளிக்குச் சுதந்திரம் உண்டு. வீட்டை மாற்றியமைக்கும் உரிமை இல்லை.

எனக்கு இதனினும் கடினமாகத் தோன்றுவது, திரும்புவதைப் பற்றிய ஏற்பாடு. பாதையின் முடிவுக்குச் சற்று முன் சரிந்துபோன மலைச்சரிவு ஒன்றுண்டு. தொங்கும் ஏணி வழியே அதைக் கடக்க வேண்டும். “என் உயிர், என் துணிவு” என்று அங்கே சொல்வது எளிது. தவறி விழுந்தால் தேடி வருபவர்களும் அதே மழையில், அதே சரிவில்தான் இறங்க வேண்டும். ஆதலால் எந்த நாள், எந்த நேரத்துக்குமேல் முன்னேறுவதில்லை என்பதையும், எப்போது திரும்பாவிட்டால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதையும் ஒரு தாளில் எழுதி, வீட்டில் காத்திருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.