எண்ணெய் தர மறுத்த ஐந்து பேர்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. எங்கள் மாவட்டத்து மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரை ஒட்டிய மழை. டிசம்பர் 2 விடியுமுன் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1,68,000 கன அடி தண்ணீர் திறந்தார்கள்; தென்பெண்ணை கரைமீறிப் போனது. முகையூரில் எங்கள் தெருவில் புயலடித்த இரவே கரண்ட் போய்விட்டது.

தெருவில் இன்வெர்ட்டர் இருந்தது என் வீட்டில் மட்டும்தான். 12 வோல்ட், 150 ஆம்பியர் பேட்டரி. கணக்குப்படி 1,800 வாட் மணி. பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் கெடும் என்பதால் கைக்கு வருவது 900. டிசம்பர் 1 இரவு கேட்டைச் சாத்திவிட்டு, கொசுவுக்காக எட்டு மணி நேரம் ஃபேன் ஓட்டினேன். 75 வாட் ஃபேன். 600 போயிற்று.

படுக்கையில் ஒரு கதை துணைக்கு வந்தது. எங்கள் மாதா கோயிலில் சிறுவயது முதல் கேட்டது: பத்துக் கன்னியர் உவமை. நள்ளிரவில் விளக்கு அணையும்போது ஐந்து பேர் எண்ணெய் கேட்கிறார்கள். இருப்பது இரு தரப்புக்கும் போதாது என்று மற்ற ஐவர் மறுக்கிறார்கள். மறுத்தவர்களைத்தான் நற்செய்தி புத்திசாலிகள் என்கிறது. அதைச் சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டேன்.

காலையில் எதிர்வீட்டு அம்மா வந்தார். கையில் பட்டன் போன். “வாத்தியாரே, புள்ள கத்தாருல இருக்கான். புயல்னு டி.வி.யில பாத்திருப்பான். நேத்திலேர்ந்து பேச்சில்ல. கொஞ்சம் ஏத்திக் குடுங்க.”

அப்போதுதான் கணக்குப் போட்டேன். பெரிய போன் ஒன்றை முழுக்க ஏற்ற, இடையில் வீணாவதையும் சேர்த்து, சுமார் 30 வாட் மணி. என் ஒரு இரவுத் தூக்கம் இருபது போன். மிச்சமிருந்தது பத்து போனுக்கானது.

மறுத்த ஐவர் செய்தது சரியா? புனித அகுஸ்தினார் அந்த எண்ணெயை அன்பு என்றே பொருள் கொண்டார். அன்பைக் கடைசி நேரத்தில் கடன் வாங்க முடியாது, அவரவர் நெஞ்சில் அது ஊறியிருக்க வேண்டும். கொடுக்க முடியாததைத்தான் அவர்கள் மறுத்தார்கள். பேட்டரியில் இருப்பது அந்த எண்ணெய் அல்ல. அதைக் கொடுக்கலாம், கொடுத்தால் குறையும். குறைகிற ஒன்றைக் கொடுக்கும்போதுதான் அந்த மற்ற எண்ணெய் நமக்குள் சேர்கிறது என்று நான் நம்புகிறேன். அதே மத்தேயு 25ஆம் அதிகாரம் முடிவதும் பசித்தவனுக்குச் சோறு கொடுத்தாயா என்ற விசாரணையில்தான். சோறும் குறைகிற பொருள்.

பக்கத்துத் திருக்கோவலூரில், முதல் ஆழ்வார்கள் மூவரைப் பற்றி வைணவர்கள் சொல்லும் வரலாறும் இதையே காட்டுகிறது. மழை இரவு, ஓர் இடைகழி. ஒருவர் படுக்கலாம், இருவர் அமரலாம், மூவர் நிற்கலாம். பொய்கையார் படுத்திருந்தார், பூதத்தார் வந்ததும் எழுந்து உட்கார்ந்தார், பேயார் வந்ததும் மூவரும் நின்றார்கள். இடம் ஒவ்வொருமுறையும் குறைந்தது. அதன் பிறகுதான் நான்காவதாக இறைவன் வந்து நெருக்குவதை உணர்கிறார்கள். அதன் பிறகுதான் பாட்டால் ஏற்றிய விளக்கு. பூதத்தார் அகலாகக் கொண்டது அன்பை. முதலில் எழுந்து இடம் கொடுத்தார்களே, அந்த வரிசைதான் எனக்கு முக்கியம்.

அன்று காலை, இருந்த கரண்டைப் பங்கிட எங்களுக்கு முறை வைக்க யாருமில்லை. ஃபேனை நிறுத்தினேன். திண்ணையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வைத்தோம். நோயாளியோ நிறைமாதப் பெண்ணோ உள்ள வீடுகள் முதலில். பிறகு பட்டன் போன்கள், அவற்றுக்குப் பெரிய போனில் ஐந்தில் ஒரு பங்கு போதும். பெரிய போன்களுக்கு ஆளுக்குக் கால் பங்கு. வீட்டுக்கு ஒன்றுதான். எதிர்வீட்டு அம்மா அன்று மதியம் மகனோடு பேசினார். அழுதுகொண்டே, சாப்பிட்டாயா என்றுதான் அவனைக் கேட்டார்.

இன்வெர்ட்டர் உள்ளவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த ஐப்பசிக்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சாரல் படாத உயரத்தில், திண்ணைக்கு ஒரு பிளக் பாயின்ட் இழுத்து வையுங்கள். நான் இழுத்துவிட்டேன்.