பதினான்கு பேரும் சல்லியனும்

சல்லியனை எனக்குச் சின்ன வயதிலிருந்தே பிடிக்காது. பாரதக் கதை சொன்ன அம்மம்மாவுக்கும் பிடிக்காது. நகுல சகாதேவருக்குத் தாய்மாமன் அவன். பாண்டவர் பக்கம் சேரத்தான் படையோடு புறப்பட்டான். வழியில் துரியோதனன் ஒழுங்கு செய்திருந்த விருந்தை உண்டு மகிழ்ந்து, அவனுக்குப் போர் செய்வதாக வாக்குக் கொடுத்தான். பிறகு தருமரைப் பார்க்கப் போய், அவர் கேட்டதற்கு இணங்கி, கர்ணனுக்குத் தேரோட்ட நேர்ந்தால் அவன் ஊக்கத்தைக் கெடுப்பதாக இன்னொரு வாக்கும் கொடுத்தான். "இவன் எந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினவன், சொல்லு பாப்பம்?" என்று அம்மம்மா கேட்பா. விடை சொல்லாமல் எழும்பிப் போய்விடுவா.

அந்தக் கேள்வி எனக்கு மறுபடி எதிர்ப்பட்ட இடம் பிரிஸ்பேன். குயின்ஸ்லாந்து நாடாளுமன்றக் கட்டடத்தில் இரண்டு மண்டபங்கள் உண்டு. பச்சை நிறத்தது கீழ்ச்சபைக்கு. இன்றும் உறுப்பினர்கள் அங்கே கூடிச் சத்தம் போடுகிறார்கள். சிவப்பு நிறத்தது மேல்சபைக்கு. அந்த மேல்சபை ஒழிந்து நூறு ஆண்டு தாண்டிவிட்டது. சிவப்பு மண்டபத்தில் இப்போது விருந்துகளும் வைபவங்களும் நடக்கின்றன. ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்கு என்ன குறை? சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, அந்தச் சபை எப்படி இல்லாமல் போனது என்று வாசிக்கத் தொடங்கினேன். வாசிக்க வாசிக்கச் சல்லியன் நினைவுக்கு வந்தான்.

குயின்ஸ்லாந்து 1859இல் நியூ சவுத் வேல்ஸிலிருந்து பிரிந்த காலனி. 1860இல் அதன் நாடாளுமன்றம் கூடியது. மேல்சபைக்குத் தேர்தல் கிடையாது. ஆளுநர் நியமிப்பார், நியமனம் ஆயுளுக்கும். மேய்ச்சல் நிலக்காரரும் வணிகரும் வழக்கறிஞரும் அங்கே இடம் பிடித்தார்கள். சாகும்வரை யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லாத கதிரை. ஆனால் சட்டத்தில் ஓர் ஓட்டை இருந்தது: சபையில் இத்தனை பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பு இல்லை. ஆளுநர் மனம் வைத்தால் எத்தனை பேரையும் உள்ளே அனுப்பலாம்.

1915இல் ரையன் தலைமையில் லேபர் கட்சி ஆட்சிக்கு வந்தது. கீழ்ச்சபை அனுப்பிய மசோதாக்களை மேல்சபை திருப்பித் திருப்பி அடித்தது. அப்படியானால் மேல்சபையே வேண்டாம் என்று லேபர் மக்களிடம் போனது. 1917 மே 5, சனிக்கிழமை, வாக்கெடுப்பு. ஒழிக்கச் சொன்னவர்கள் ஏறத்தாழ 116,000 பேர். வேண்டாம், இருக்கட்டும் என்றவர்கள் 179,000 பேர். தாங்கள் தேர்ந்தெடுக்காத, தேர்ந்தெடுக்கவும் முடியாத ஒரு சபையை மக்கள் தங்கள் வாக்காலேயே காப்பாற்றினார்கள். அன்றே கூட்டாட்சித் தேர்தலும் நடந்தது, யுத்த காலம், சனங்கள் குழம்பிவிட்டார்கள் என்று சமாதானம் சொல்வோர் உண்டு. இருக்கலாம். எண்ணி வைத்த வாக்கு எண்ணி வைத்ததுதான்.

தியடோர் அடுத்த முதல்வரானார். ஆளுநர் கூல்ட்-ஆடம்ஸ் ஊருக்குப் போன பின், அவர் இடத்தில் இருந்து கையெழுத்திட்டவர் வில்லியம் லெனன். அதற்குச் சற்று முன்புவரை கீழ்ச்சபையில் லேபர் சபாநாயகராக இருந்த அதே லெனன். 1920 பிப்ரவரியில் அவர் 14 பேரை ஒரே மூச்சில் மேல்சபைக்கு நியமித்தார். எதற்காகப் போகிறார்கள் என்பது ஊருக்கே தெரியும். தற்கொலைப் படை என்று அவர்களுக்குப் பெயர் விழுந்தது. 1921 அக்டோபரில் மேல்சபை தன்னைத்தானே ஒழிக்கும் மசோதாவை நிறைவேற்றியது. மன்னரின் ஒப்புதலுக்காக அது லண்டனுக்குப் போனது. அப்போது அங்கே காலனிச் செயலாளர் வின்ஸ்டன் சர்ச்சில். ஒப்புதல் வந்தது. 1922 மார்ச் 23இலிருந்து சபை இல்லை.

இந்தப் பதினான்கு பேரும் துரோகிகளா? முதலில் அப்படித்தான் எனக்கும் தோன்றியது. ஒரு சபையின் கதிரையில் இருந்துகொண்டு அந்தச் சபையைக் கொல்வது உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதுதானே? ஆனால் அவர்கள் எடுத்த உறுதிமொழி மன்னருக்கு விசுவாசமாக இருப்பதாக. சபையை வாழவைப்பதாக எவரும் சத்தியம் செய்யவில்லை. தவிரவும், சல்லியன் தன் இரண்டாம் வாக்கைத் துரியோதனனிடம் சொல்லாமல் மறைத்தான். இவர்கள் எதையும் மறைக்கவில்லை. கர்ணனின் தேரில் ஏறும்போதே, 'நான் உன்னைத் தோற்கடிக்க வந்தவன்' என்று சொல்லிவிட்டு ஏறிய சல்லியர்கள். அதற்கு மேல் ஆயுள் பதவி ஒன்றைத் தங்கள் கையாலேயே விட்டார்கள். பதவியை விட்டவர்களைப் பற்றி நம் மொழியில் எழுத அதிகம் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

என்றாலும் ஒரு முள் நெருடுகிறது. சில வருடங்களுக்கு முன் இங்குள்ள ஒரு சங்கத்தில் நிர்வாகக் குழுவுக்கு என்னை நியமிக்க விரும்பினார்கள். முக்கியமான ஒரு தீர்மானம் வர இருந்தது. தொலைபேசியில் ஒருவர் சொன்னார்: "அண்ணை, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. வந்து கையை உயர்த்தினால் காணும்." மற்றப் பக்கத்தின் கதையையும் கேட்டுவிட்டுத்தான் உயர்த்துவேன் என்றேன். பிறகு அழைப்பு வரவில்லை. வேறொருவரின் கை கிடைத்திருக்கும். கேட்பதற்கு முன்பே முடிவெடுத்து வருகிறவன் சபையில் இருந்தும் இல்லாதவன். சபை என்ற ஏற்பாட்டின் தருமமே கேட்பதில்தான் இருக்கிறது. அந்தத் தருமத்தில் பதினான்கு பேரும் தவறினார்கள். ஆனால், நியாயமாகச் சொன்னால், அவர்களுக்கு எதிரே இருந்த பழைய ஆயுள் உறுப்பினர்கள் மட்டும் என்ன காதைத் திறந்து வைத்துக்கொண்டா இருந்தார்கள்? தொழிலாளர் மசோதா என்றால் தலைப்பைப் பார்த்தே தலையாட்டி மறுத்தவர்கள் அவர்களில் பலர்.

இதற்கு மறுபக்கம் சிட்னியில் நடந்தது. அங்கும் நியமன மேல்சபை, அங்கும் வரம்பில்லை. 1925 டிசம்பரில் முதல்வர் ஜாக் லாங், ஆளுநர் டி செயரிடம் மன்றாடி 25 பேரை உள்ளே அனுப்பினார். ஒழிப்பதற்கு வாக்களிப்போம் என்ற ஒப்பந்தம். அடுத்த வருடத் தொடக்கத்தில் மசோதா வந்தபோது லேபர்காரர் சிலர் எதிர்த்து வாக்களித்தார்கள், சிலர் வரவேயில்லை. மசோதா தோற்றது. நியூ சவுத் வேல்ஸ் மேல்சபை இன்றைக்கும் இருக்கிறது; இப்போது மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். விளைவைப் பார்த்தால் வாக்கை மீறியவர்கள் நல்லது செய்தார்கள் என்றே சொல்லத் தோன்றும். நான் சொல்லமாட்டேன். மனச்சாட்சி உறுத்தினால் கதிரையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து எதிர்த்துப் பேசலாம். ஒழிப்பேன் என்று சொல்லி வாங்கிய ஆயுள் பதவியை, ஒழிக்காமல் தானே வைத்துக்கொள்வதற்குப் பெயர் மனச்சாட்சி இல்லை. சல்லியனிடம்கூட இதைவிட நேர்மை இருந்தது. பதினெட்டாம் நாள் துரியோதனனின் சேனாதிபதியாகவே நின்று, தருமரின் கையால் செத்தான். உண்ட சோற்றுக்கு உயிரைக் கொடுத்தான். அம்மம்மாவின் கேள்விக்கு இப்போது விடை சொல்வதானால், அவன் இரண்டு வாக்கையும் காப்பாற்றினான் என்பேன். இரண்டையும் கொடுத்ததுதான் பிழை.

மேல்சபை ஒழிந்தது என்று கேட்டதும் கைதட்ட எனக்கு வராததற்குச் சொந்தக் காரணம் ஒன்றும் உண்டு. இலங்கையிலும் ஒரு செனற் சபை இருந்தது. 30 பேரில் 15 பேரைக் கீழ்ச்சபை தெரிவு செய்யும்; 15 பேரை மகாதேசாதிபதி நியமிப்பார். அது தமிழருக்குப் பெரிதாக ஒன்றும் செய்து கிழிக்கவில்லை. 1971இல் அதை ஒழித்தபோது யாழ்ப்பாணத்தில் அழுதவர்களை நான் காணவில்லை. அடுத்த வருடம் புதிய அரசியலமைப்பு வந்தது. சிறுபான்மையினருக்குக் காப்பாக இருந்த பழைய 29ஆம் பிரிவு அதில் இல்லை. செனற் இருந்திருந்தால் தடுத்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. தடுக்கக்கூடிய இடங்கள் ஒவ்வொன்றாகக் குறையும்போது, அவை உதவாத இடங்களாக இருந்தாலும், கவனிக்கப் பழகிவிட்டேன்.

குயின்ஸ்லாந்திலும் கவனிக்க இருந்தது. 1968 முதல் 1987 வரை பியெல்கே-பீட்டர்சன் முதல்வர். ஒரே சபை, அதிலும் அவர் பக்கமே பெரும்பான்மை. பொலிஸில் மேல்மட்டம் வரை ஊறியிருந்த ஊழலை வெளியே கொண்டுவர பிட்ஸ்ஜெரால்ட் விசாரணை வேண்டியிருந்தது. அதன் அறிக்கை வந்தது 1989இல்.

ஆகவே என் கணக்கில் பதினான்கு பேரின் குற்றம் சின்னது. அவர்கள் சொன்னபடி செய்தார்கள். பெரிய குற்றம் அவர்களை அனுப்பியவர்களுடையது: மக்களிடம் கேட்டு, மக்கள் விடை சொன்ன பிறகு, அந்த விடை பிடிக்காததால் வேறு வழி தேடியவர்கள். கேட்காமலே செய்திருந்தால்கூடக் குற்றம் இதைவிடக் குறைவு என்பேன். கேட்டுவிட்டு மறுப்பதில் ஓர் அவமதிப்பு இருக்கிறது. அவர்களுக்கும் அது உள்ளூரத் தெரிந்திருக்க வேண்டும். 1934இல் அதே லேபர் கட்சி ஒரு சட்டம் போட்டது. குயின்ஸ்லாந்தில் மேல்சபையை மீண்டும் கொண்டுவர வேண்டுமானால், மக்கள் வாக்கெடுப்பு நடத்தி அதில் வென்றாக வேண்டும் என்று.