தொட்ட பிறகே தூய்மை: கிருபைக் கோட்பாடும் பாலாற்றங்கரைத் திருச்சபைகளும்

தகுதி இல்லாதவருக்கு, தகுதியைக் கேளாமலே கடவுள் தரும் அன்புக்குக் கிறிஸ்தவ இறையியல் இட்டிருக்கும் பெயர் கிருபை. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் ‘காரிஸ்’ என்றும், எபிரேய மறைநூலில் உடன்படிக்கை தவறாத பேரன்பைக் குறிக்கும் ‘கெசெத்’ என்றும் வரும் சொற்களின் பொருளைத் தமிழில் சொல்வதற்குச் சீர்திருத்தச் சபையார் ‘கிருபை’ என்பதையும், பழைய கத்தோலிக்கர் ‘இஷ்டப்பிரசாதம்’ என்பதையும் கையாண்டனர். 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்போ ‘அருள்’ என்ற சொல்லைத் தெரிந்துகொண்டது. இம்மூன்றும் இந்த மண்ணின் சமயங்கள் நெடுங்காலம் வழங்கிவந்த சொற்களே. ஆகவே, அருளுக்குக் காரணம் உண்டா, அதைப் பெறும் உயிர் முன்னதாக எதையேனும் செய்திருக்க வேண்டுமா என்ற கேள்வி, கிறிஸ்தவம் கேட்பதற்கு முன்பே தமிழில் கேட்கப்பட்டிருந்தது.

பாலாறு கடலை நோக்கி ஓடும் வழியில் இருக்கும் காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகரைப் பின்பற்றும் வடகலையார், இறைவன் அருளுவதற்கு ‘வியாஜம்’ என்னும் ஒரு சிறு சாக்காவது உயிரின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்றனர். தாயின் வயிற்றைக் குரங்குக்குட்டி பற்றிக்கொள்வதை அதற்கு உவமை காட்டினர். பிள்ளை லோகாசாரியரின் வழிவந்த தென்கலையாரோ, பூனை தன் குட்டியைத் தானே வாயால் கவ்விச் செல்வதை உவமையாக்கி, அருளுக்கு அருளே காரணம் என்றனர். காரணமற்ற அருள் என்று பொருள்படும் ‘நிர்ஹேதுக கிருபை’ அவர்களுடைய சொல். சைவ சித்தாந்தம் வேறொரு வகையில் விடை கூறும். நல்வினை, தீவினை ஆகிய இரண்டின் பயனையும் ஒன்றுபோல் நோக்கும் இருவினையொப்பும், ஆணவ மலம் வலி குன்றிப் பக்குவமடையும் மலபரிபாகமும் வாய்த்தபோதே, அருட்சத்தி உயிரில் பதியும் சத்திநிபாதம் நிகழும் என்பது அதன் கொள்கை. எனினும், அந்தப் பக்குவத்தை உண்டாக்குவதும் மறைந்து நின்று தொழிற்படும் இறைவனின் சத்தியே என்று அது சேர்த்துச் சொல்வதை மறத்தல் நேர்மையாகாது. ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ 1930இல் இந்திய அருட்சமயத்தையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு ஒரு தனி நூலே எழுதுமளவுக்கு, தென்கலைக் கொள்கையும் லுத்தரின் போதனையும் நெருங்கி நிற்கின்றன. ஆகவே, காரணமற்ற அருள் கிறிஸ்தவத்தின் தனியுடைமை என்று தமிழ்நாட்டில் எவரும் பேசுதல் பொருந்தாது. கிறிஸ்தவத்திற்கு உரியதாகச் சொல்லத்தக்கது, அந்த அருள் யாரைத் தொட்டது, எந்த வரிசையில் தொட்டது என்பதே.

வரிசை என்பது சிறிய செய்தி போலத் தோன்றலாம். ஆனால், கிருபையைப் பற்றிய வாதங்கள் அனைத்தும் கடைசியில் அங்கேயே போய் நிற்கின்றன. வேலூரிலும் ஆம்பூரிலும், ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இடைவெளியில், சீர்திருத்த மரபின் இரு வேறு கிளைகள் வேரூன்றின. 1853இல் ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள் நிறுவிய ஆற்காடு மிஷன், டச்சு வழிவந்த அமெரிக்கச் சீர்திருத்தத் திருச்சபையைச் சேர்ந்தது. அதன் சபைகள் 1947இல் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. ஆம்பூரின் லுத்தரன் சபையோ, மிசௌரி சினாடு என்னும் அமெரிக்க லுத்தரன் அமைப்பு 1895இல் கிருஷ்ணகிரியில் தொடங்கிய பணியின் தொடர்ச்சி. முந்தையதன் கோட்பாட்டு நூலாகிய 1563ஆம் ஆண்டின் ஹைடல்பெர்க் ஞானோபதேசம், மனிதனின் துயரநிலை, மீட்பு, நன்றி என மூன்று பகுதிகளாக அமைந்து, பத்துக் கட்டளைகளை மூன்றாவதாகிய நன்றியின் கீழ் வைக்கிறது; அதாவது, மீட்கப்பட்டவன் நன்றியால் செய்வனவே அறச்செயல்கள், மீட்புக்கு அவை விலை ஆகமாட்டா. லுத்தர் 1529இல் எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் கட்டளைகள் முதலில் வருகின்றன. கட்டளை மனிதனுக்கு அவன் இயலாமையைக் காட்டிய பிறகே நற்செய்தி அவன் காதில் விழும் என்பது அந்த அமைப்பின் கருத்து. இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. ஆனால், ‘நிபந்தனையற்ற’ என்ற சொல்லில் ஒரு வேறுபாடு உண்டு: 1618-19இல் கூடிய டார்ட் மாநாடு, மனிதரின் விசுவாசத்தை முன்கூட்டிப் பார்த்துக் கடவுள் அவர்களைத் தெரிந்தெடுப்பதில்லை என்ற பொருளில் ‘நிபந்தனையற்ற தெரிந்தெடுப்பு’ என்றது, அது சிலரை மட்டும் தெரிந்தெடுப்பதைக் குறித்தது. லுத்தரன்களோ, கிருபை எல்லாரையும் நோக்கி நீட்டப்பட்ட கை என்பதை விட்டுக்கொடுக்கவில்லை. இவ்வகையில் லுத்தரன் போதனையே நற்செய்தி நூல்களுக்கு நெருக்கமானது என்று சொல்வதில் தயக்கம் வேண்டியதில்லை.

இந்தக் கோட்பாடுகள் வந்து சேர்ந்த நிலம், தோலால் மனிதரை அளந்த நிலம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனப் பாலாற்றை ஒட்டி நீளும் ஊர்களில், சுண்ணாம்புக் குழியும் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட தொழில், பின்னர் குரோமியத்துக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் மாறியது. முதலீடு பெரும்பாலும் முஸ்லிம் வணிகருடையதாகவும், தோல் ஷாப்புகளின் குழிகளில் இறங்கிய உழைப்பு பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியாருடையதாகவும் இருந்தது. இறந்த விலங்கின் தோலைத் தொட்டவர் என்பதாலேயே தொடத்தகாதவராக எண்ணப்பட்ட அந்த மக்களிடமிருந்தே இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவச் சபைகளின் பெரும்பகுதி உருவாயிற்று.

அதே வட்டாரத்தில் தோலால் மனிதரை விலக்கிய இன்னொரு காரணம் தொழுநோய். நற்செய்தி நூல்களில் தொழுநோயாளி ஒருவன் இயேசுவிடம் வரும் நிகழ்ச்சியில் வினைச்சொற்களின் வரிசை கூர்ந்து நோக்கத்தக்கது: இயேசு கை நீட்டுகிறார், தொடுகிறார், பேசுகிறார், அதன் பின்னரே அவன் தூய்மையடைகிறான். லேவியராகமத்தின் சட்டப்படி தூய்மை முதலில், தொடுதல் பின்பு. இந்த ஒரு தலைகீழ் மாற்றத்துக்குள் கிருபைக் கோட்பாடு முழுவதும் அடங்கிவிடுகிறது. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, மற்ற மருத்துவமனைகள் உள்ளே விட அஞ்சிய நோயாளிகளின் மடங்கிய கைகளைத் தசைநாண் மாற்றுச் சிகிச்சையால் நிமிர்த்தியதும், விரல்கள் நோயினால் அழுகி உதிர்வதில்லை, உணர்விழந்த விரல் காயத்தை அறியாததால் சிதைகிறது என்று நிறுவியதும் மருத்துவ வரலாறு. 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொடங்கப்பட்ட தொழுநோய் ஆய்வு மையத்திலும் வேலூரிலும் நடந்த அப்பணியிலிருந்து, உணர்வற்ற பாதத்தைக் காக்கும் மென்ரப்பர் காலணி உருவாகி, இன்று சர்க்கரை நோயாளிகளும் கேட்டு வாங்கும் எம்.சி.ஆர். செருப்பாகப் பரவியிருக்கிறது. காலணி செய்வதையே பிழைப்பாகக் கொண்ட ஒரு வட்டாரத்தில் கிருபை காலணியாகவும் வந்தது என்றால் அது மிகையாகாது.

விவிலியத்தைத் தோலின் வழியாகப் படிப்பவர்க்கு வேறு சில இடங்களும் கண்ணில் படும். ஆதியாகமத்தில், கட்டளையை மீறி ஒளிந்துகொண்ட முதல் மனிதருக்குக் கடவுள் செய்து உடுத்துவது தோல் உடை. தண்டனை சொல்லப்பட்ட பிறகும், வெளியேற்றப்படுவதற்கு முன்பும் அது நிகழ்கிறது. அவர்கள் மனம் வருந்தியதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. அப்போஸ்தலர் நடபடிகளில் பேதுரு யோப்பா பட்டணத்தில் தங்குவது தோல் பதனிடும் சீமோன் என்பவனின் வீட்டில். செத்த விலங்கைத் தொடுவது தீட்டு என்ற யூத மரபில் அத்தொழில் இழிவாகக் கருதப்பட்டது. கணவன் அத்தொழிலைச் செய்தால் மனைவி மணவிலக்குக் கேட்கலாம் என்று மிஷ்னா என்னும் யூதச் சட்டத் தொகுப்பு இடங்கொடுக்குமளவுக்கு அந்த வெறுப்பு இருந்தது. அந்த வீட்டு மாடியில் ஜெபித்துக்கொண்டிருந்தபோதே, கடவுள் தூய்மையாக்கியதைத் தீட்டென்று எண்ணலாகாது என்ற தரிசனம் பேதுருவுக்குக் கிட்டியது. அங்கிருந்தே அவர் கொர்நேலியு என்னும் ரோம அதிகாரியின் வீட்டுக்குப் புறப்பட்டார். கிருபை யூத எல்லையைக் கடந்து உலகுக்குச் செல்லப் புறப்பட்ட வாசல் ஒரு தோல் தொழிலாளியின் வாசல் என்பதை, ஆம்பூரின் பிரசங்க மேடைகள் ஆண்டுக்கு ஒருமுறையேனும் சொல்ல வேண்டும்.

இங்கே கடினமான ஒரு கேள்வி எழுகிறது. 1847இல் மதுரை அமெரிக்க மிஷன் தன் உபதேசிமாரைச் சாதி கடந்து ஒன்றாக உண்ணுமாறு கேட்டது, மறுத்தவர்களை விலக்கியது. ஆற்காடு மிஷனும் தொடக்கம் முதலே சாதியைச் சபைக்குள் ஏற்கவில்லை. திருக்குறளை மொழிபெயர்த்தவரும் லைப்சிக் மிஷனின் இயக்குநருமான கார்ல் கிரால், சாதி சமூக வழக்கமே ஆதலால் அதை விடுமாறு கட்டாயப்படுத்துவது நற்செய்தியைச் சட்டமாக்கிவிடும் என்று வாதிட்டார். கிருபை நிபந்தனையற்றது என்றால், சாதியை விட்டால்தான் சபையில் இடம் என்பது நிபந்தனை ஆகாதா? கிராலின் வாதம் முதல் பார்வையில் வலிமையுடையதாகவே தோன்றும். ஆனால், சாதி என்பது பிறப்பையே தகுதியாக்கும் கொள்கை. உழைக்காமலே ஈட்டிய புண்ணியத்தைப் பந்தியில் காட்டி உட்காருவது. தகுதியின்றிப் பெறுவதே கிருபை என்று ஏற்றுக்கொண்டவர் அந்தத் தகுதியைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பெற இயலாது. ஆகவே, சமபந்தியைக் கிருபைக்கு விலையாகக் கருதுவது தவறு; கிருபை வந்து சேர்ந்ததன் உருவம் அது. ஜெர்மானிய இறையியலாளர் டீட்ரிக் போன்ஹோஃபர் 1937இல் வெளியிட்ட தம் நூலில், வாழ்வை மாற்றாத கிருபையை மலிவான கிருபை என்று கண்டித்ததும் இந்த அடிப்படையிலேயே.

பவுலின் கலாத்தியர் நிருபம் இதற்குச் சான்று. தோல் பதனிடுபவன் வீட்டில் தங்கிய அதே பேதுரு, பின்னொரு நாள் அந்தியோகியாவில் யூதரல்லாதவரோடு உண்பதிலிருந்து விலகிக்கொண்டபோது, பவுல் அவரை எல்லார் முன்னும் எதிர்த்து நின்றார். சட்டத்தின் செயல்களால் எவரும் நீதிமானாவதில்லை என்னும், பின்னாளில் லுத்தரை உலுக்கிய கோட்பாட்டை அந்நிருபத்தில் பவுல் எடுத்துரைக்கத் தொடங்குவது, அந்தப் பந்தித் தகராற்றை அடுத்த வரிகளில்தான். தமிழகத்துச் சில ஊர்களில் தலித் கிறிஸ்தவருக்குத் தனிக் கல்லறைத் தோட்டமும் நடுவே மதிலும் இன்னும் இருக்கின்றன. அரசாணைக்கோ நீதிமன்றத் தீர்ப்புக்கோ காத்திராமல், அந்த மதில்களைச் சபையாரே தங்கள் கையால் இடித்துப்போட வேண்டும்.