காற்றுக்குத் திறந்த கண்ணாடி

ஆல்ப்ஸ் மலையில், சுமார் 2,500 மீட்டருக்கு மேல், பாறை இடுக்குகளில் ஏரிட்ரிக்கியம் நானம் என்றொரு செடி வளர்கிறது. உயரம் சில விரற்கடைதான். இலையெல்லாம் வெள்ளைப் பட்டு மயிர். பூ அசல் வானநீலம். உறைபனியையும் சுழன்றடிக்கும் காற்றையும் அசராமல் தாங்கும் இச்செடி, எவ்வளவோ மிதமான இங்கிலாந்துத் தோட்டங்களில் ஒரு குளிர்காலத்தைத் தாண்டுவதே அரிது.

காரணம் ஈரம். மலையில் மாதக்கணக்கில் செடியைப் பனி மூடிக் கிடக்கும். நமக்குக் கொடுமையாகத் தெரியும் அந்தப் பனிதான் அதற்குப் போர்வை. அதனடியில் காற்று அறையாது, இலையில் தண்ணீர் தேங்காது. இங்கிலாந்திலோ குளிர்காலம் முழுக்கத் தூறல். பட்டு மயிரில் நின்ற நீர் வடியாமல் கழுத்து அழுகிவிடும். ஐப்பசி அடைமழையில் அடீனியத்தைப் பறிகொடுத்தவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும்.

யார்க்‌ஷயரில் வளர்ந்த ரெஜினால்ட் ஃபாரர் இத்தகைய செடிகளுக்காகவே வாழ்ந்தவர். 1920-இல், நாற்பது வயதில், செடி தேடிப் போன வடபர்மா மலையிலேயே இறந்தார். மண்ணைக் குறைத்துக் கல்சில்லை மிகுத்த படுகையைப் பரவலாக்கியதில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

பாறைத் தோட்டத்தில் பாதி வேலை செடி வருமுன்பே முடிந்துவிடுகிறது. மழைநீர் வேருக்கு இறங்கும்படி கல்லைப் பின்சாய்வாகப் புதைக்க வேண்டும். நட்டதும் கழுத்தைச் சுற்றிச் சரளை. வேர் ஈரம் தேடி ஆழம் போகும். கழுத்து காய்ந்தே இருக்கும். உரம் அநேகமாகத் தேவையில்லை; கொழுத்த செடி இறுக்கம் தளர்ந்து எளிதில் அழுகும். இலையுதிர் காலத்தில் மேலே விழுந்த சருகுகளை விரலால் ஒவ்வொன்றாக எடுக்கிறார்கள். பிறகு, சாய்வாக ஒரு கண்ணாடித் தகடு. மழை மட்டும்தான் மறைகிறது. பக்கங்கள் திறந்தே இருக்கின்றன. குளிர் தாராளமாக வரலாம்.

திறந்துவிட்ட அந்தப் பக்கங்களை நான் மிகவும் மதிக்கிறேன். நமக்கு எது கஷ்டமோ அதிலிருந்து காப்பதே அன்பு என்று பழகிவிட்டோம். காற்றும் குளிரும் தலைமுறை தலைமுறையாக வாட்டியதால்தான் இச்செடி இப்படிக் குறுகி இறுகியிருக்கிறது. நாம் ஆசைப்பட்ட அழகே அந்த வாட்டம் தந்ததுதான். கிராமத்து அம்மாவை நகரத்து அடுக்ககத்துக்கு அழைத்து வந்து, “ஒரு வேலையும் செய்யாதீங்கம்மா, உட்காருங்க” என்கிறோம். விடியுமுன் வாசல் தெளித்து, மாட்டுக்குத் தண்ணி காட்டி, அடுத்த வீட்டாரோடு நாலு வார்த்தை சண்டை போட்ட உடம்பு அது. வசதி எல்லாம் இருந்தும் அவர் ஏன் வாடுகிறார் என்று மருத்துவரைக் கேட்கிறோம். அம்மாவைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

லண்டன் கியூ தோட்டத்தில் ஆல்பைன் எனப்படும் இத்தகைய உயர்மலைச் செடிகளுக்கென 2006-இல் ஒரு கண்ணாடி வீடு திறந்தார்கள். சூடு சேர்ப்பதற்காகக் கட்டியதல்ல அது. தரைக்கடியில் குளிர்ந்த காற்றைச் செடிகளின்மேல் வீசவிடுகிறார்கள். வெப்பம் உயரக் கூரை வழியே வெளியேறிவிடுகிறது.