வடக்கே எழுந்த பால்வீதி

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. பேராக்கில் பாட்டி நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய தோட்டத்தின் மாரியம்மன் கோயில். கோபுரத்துக்குப் பின்னால் பால்வீதி புகைபோல எழுந்து நிற்கும். எடுத்தது நான்தான். பாட்டியின் 75-வது பிறந்தநாளுக்குப் பெரிதாக அச்சடித்து, சட்டம் போட்டுக் கொடுத்தேன். யார் வீட்டுக்கு வந்தாலும், "எங்க தோட்டத்துக் கோயிலு, பேரன் எடுத்தது" என்று பாட்டி பெருமையாகக் காட்டுவார்.

விஷயம் என்னவென்றால், அப்படி ஒரு காட்சி நடக்கவே இல்லை. கோயிலை எடுத்தது தைப்பூச விடுமுறையில். அன்று வானம் முழுக்க மேகம். பால்வீதியை எடுத்தது ஜூன் மாதம், திரெங்கானு கடற்கரையில். இரண்டையும் கணினியில் ஒட்டினேன். "அங்கேயேவாப்பா எடுத்தே?" என்று பாட்டி கேட்டார். "ஆமா பாட்டி" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து, படத்துக்கு முன்னால் நின்றுகொண்டு பாட்டி கேட்டார்: "தம்பி, இது திடல் பக்கம் நின்னு எடுத்ததுதானே? அப்போ கோபுரத்துக்குப் பின்னால வடக்கு. இந்த வெளிச்சம் அந்தப் பக்கம் வந்து நான் பார்த்ததே இல்லையே. விடியக்காலம் பெரட்டுக்குப் போறப்ப ஆத்துப் பக்கம்தான் தெரியும், தெக்கால. எனக்குத்தான் வயசாகி மறந்துபோச்சோ என்னவோ."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பாட்டி சொன்னதுதான் சரி. பால்வீதியின் மையம் வான நடுக்கோட்டுக்குத் தெற்கே சுமார் 29 பாகையில் இருக்கிறது. மலேசியாவிலிருந்து பார்த்தால் அந்தப் பிரகாசமான பகுதி எப்போதுமே தெற்குப் பக்க வானில்தான். வடக்கே வரவே வராது. பொறியியல் படிக்கும் நான் கவனிக்காததை, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போன பாட்டி கண்டுபிடித்துவிட்டார். ஆனால் பேரன் சொன்னதை நம்பி, தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டார்.

நண்பனிடம் சொன்னேன். "எல்லாரும்தாண்டா எடிட் பண்றாங்க. நீ என்ன கொலையா பண்ணிட்ட?" என்றான். யோசித்துப் பார்த்தேன். அவன் சொன்னதில் பாதி உண்மை. ஏனென்றால் வான்படக் கலையில் 'கை வைக்காத படம்' என்று ஒன்று கிட்டத்தட்ட இல்லை.

ஓர் உதாரணம். ஓரியன் விண்மீன் கூட்டத்தில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு நெபுலா இருக்கிறது, சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. அதனால் முக்காலியில் கேமராவை வைத்து அதிக நேரம் திறந்து வைத்தால் நட்சத்திரம் கோடாக இழுத்துவிடும். நான் 50 மில்லிமீட்டர் லென்ஸில் 5 விநாடி வீதம் 100 படம் எடுத்து, மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். 100 படங்களை அடுக்கினால் புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். பிறகு மங்கலான ஒளியை இழுத்துப் பிரகாசமாக்கினேன். இளஞ்சிவப்பு நிறத்தில் நெபுலா வந்தது. தொலைநோக்கியில் கண்ணை வைத்துப் பார்த்தால் அந்த நிறம் தெரியாது. சாம்பல் நிறத்தில் ஒரு தீற்றல்தான் தெரியும். இருட்டில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கும் திறன் குறைவு.

அப்படியானால் அதுவும் பொய்யா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அந்த ஒளி உண்மையில் அங்கிருந்து வந்தது, என் கேமராவில் விழுந்தது. நான் செய்தது, மெதுவாகப் பேசுகிறவர் குரலை ஒலிபெருக்கியில் கேட்க வைப்பது மாதிரி. ஹபிள் தொலைநோக்கி 1995-இல் எடுத்த புகழ்பெற்ற கழுகு நெபுலா படத்திலும் நிறங்கள் மாற்றிக் கொடுக்கப்பட்டவைதான். ஹைட்ரஜனின் சிவப்பு ஒளிக்குப் பச்சை நிறம் கொடுத்தார்கள். ஆனால் எந்த வாயுவுக்கு எந்த நிறம் என்பதைச் சொல்லிவிட்டார்கள்.

ஒட்டுப்படமும் தன்னளவில் பாவம் இல்லை. ஓவியர் கோபுரத்துக்கு மேல் நிலாவை வரைந்தால் யாரும் ஏமாறுவதில்லை. அப்படியானால் தப்பு எங்கே நடந்தது?

சைவ சித்தாந்தத்தில் அறிவு வரும் வழிகளாகக் காண்டல், கருதல், உரை என்று மூன்றைச் சொல்வார்கள். நேரில் பார்ப்பது காண்டல். புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது கருதல். நம்பத் தகுந்தவர் சொல்லை ஏற்பது உரை. புகைப்படத்தை நாம் காண்டல் என்று நினைத்துக்கொள்கிறோம், கண்ணால்தானே பார்க்கிறோம் என்று. ஆனால் எடுத்தவனுக்கு மட்டும்தான் அது காண்டல். பார்க்கிறவருக்கு அது உரை. "நான் அங்கே இருந்தேன், இது நடந்தது" என்று ஒருவன் சொல்கிற சாட்சி. அந்தச் சாட்சியின் மதிப்பு கேமராவில் இல்லை, சொல்கிறவனிடம் இருக்கிறது. பாட்டி படத்தை நம்பவில்லை, என்னை நம்பினார்.

முதலில் எனக்கு நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். குறையில்லாத நன்மை விளையுமானால் பொய்யையும் உண்மையோடு சேர்க்கலாம் என்று வள்ளுவரே வாய்மை அதிகாரத்தில் இடம் கொடுக்கிறாரே, பாட்டி சந்தோஷப்பட்டாரே என்று. ஆனால் 'குறையில்லாத' என்ற நிபந்தனையை நான் வசதியாகத் தாண்டிப் போயிருந்தேன். அந்தச் சந்தோஷத்துக்குப் பாட்டி கொடுத்த விலை, நாற்பது வருடம் தன் கண்ணால் பார்த்ததன் மேல் வைத்திருந்த நம்பிக்கை.

இன்று நிலாவை நோக்கித் தூக்கினாலே அதைச் செயற்கை நுண்ணறிவால் மெருகேற்றிக் கொடுக்கும் கைப்பேசிகள் வந்துவிட்டன. 'எடிட் பண்ணலாமா, கூடாதா' என்ற கேள்வி இனி உதவாது. நான் இப்போது கேட்டுக்கொள்வது வேறு: நான் என்ன செய்தேன் என்பதை இந்தப் படத்தைப் பார்க்கிறவரிடம் அப்படியே சொல்ல முடியுமா? சொல்லத் தயக்கம் வந்தால், அந்தத் தயக்கமே பதில். படத்துக்கு மட்டும் இல்லை நண்பர்களே, ஆய்வக அறிக்கையில் எண்களைச் 'சரி'செய்யும்போதும் இதே கேள்விதான்.

பாட்டியிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அப்போ எனக்கு மறதி இல்லை" என்றார் முதலில். குரலில் அப்படி ஒரு நிம்மதி. அப்புறம், "அந்தப் பக்கம் போய் நின்னு எடுக்க வேண்டியதுதானே" என்றார்.

மார்ச் மாதம் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போனேன். விடியற்காலை 5 மணி. கோயிலுக்கு வடக்கே நின்று தெற்கே பார்த்தோம். பக்கத்து ஊர் வெளிச்சத்தில் பால்வீதி மங்கலாகத்தான் தெரிந்தது, ஓரத்தில் மேகம் வேறு. படமும் சுமார்தான். அதையும் பழைய படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். பழைய படத்தின் கீழே நான் எழுதி ஒட்டியிருக்கிறேன்: "கோயில், பேராக். வானம், திரெங்கானு. இரண்டும் இணைக்கப்பட்டவை." வீட்டுக்கு வருகிறவர்களுக்குப் பாட்டி இப்போது இரண்டையும் காட்டுகிறார். புதிய படத்துக்குத்தான் கதை நீளமாக இருக்கிறது.