நடுக்கடலில் நேரும் பழுது

மதுரையைச் சுற்றிய சமவெளியில் வாழும் நமக்குக் கடல் தொலைவானது. ஆயினும் ஓடும் படகில் நேரும் பழுது எத்தகையது என்பதை உணர்ந்துகொள்ள நம்மிடம் கண்மாய் உண்டு. ஐப்பசி மழையில் நிறைந்து நிற்கும் கண்மாயின் கரையில் நள்ளிரவில் கசிவு கண்டால், நீரை வடித்துவிட்டுக் கரையைச் செப்பனிட இயலாது. நீர் நிற்கும்போதே, கைக்குக் கிட்டிய வைக்கோலையும் முள்ளையும் மண்ணையும் இட்டு அடைத்தாக வேண்டும். வாழ்வில் நேரும் பழுதுகளுள் பெரும்பாலானவை இத்தகையவை அல்லவா? நிறுத்திச் சரிசெய்ய நேரமில்லை. இறங்கிப் போகவும் வழியில்லை. அவ்வேளையில் மனிதன் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்?

ஆஸ்திரிய மெய்யியலாளர் ஓட்டோ நியூராத் மனித அறிவையே இத்தகைய கப்பலுக்கு ஒப்பிட்டார். அதனைக் கரையேற்றிப் பிரித்துப் புதிதாகக் கட்ட வாய்ப்பில்லை. மிதக்கும்போதே பலகை பலகையாகச் செப்பனிட வேண்டும் என்பது அவர் கருத்து. அறிவைக் குறித்து அவர் சொன்னது அறவாழ்வுக்கும் பொருந்தும் என்றே எண்ணுகிறேன். அதற்கு உண்மையான கடற்பயணங்களே சான்று.

1968இல் இங்கிலாந்தின் 'சண்டே டைம்ஸ்' இதழ் ஒரு பாய்மரப் படகுப் போட்டியை அறிவித்தது. தன்னந்தனியாக, எத்துறைமுகத்திலும் நில்லாமல், பிறர் உதவி பெறாமல் உலகைச் சுற்றிவர வேண்டும். ஒன்பது பேர் புறப்பட்டனர். அவர்களுள் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் செலுத்திய 'சுகைலி', மும்பையில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 32 அடிப் படகு. அட்லாண்டிக் கடலில் அதன் அடிப்புறப் பலகைகளின் இடுக்கு வழியே நீர் புகுந்தது. அவர் கடலில் மூழ்கி, இடுக்குகளைப் பஞ்சால் அடைத்து, அதன்மேல் துணியும் செப்புத் தகடும் வைத்து ஆணியடித்தார். நம் கடற்கரையோரத்தார் கலப்பத்து என்று சொல்லும் வேலையை, சுறா வந்து சுற்றிய நீரில் மூச்சடக்கிச் செய்து முடித்தார். 312 நாள்களுக்குப் பின், 1969 ஏப்ரல் 22 அன்று, அவர் ஒருவரே பயணத்தை நிறைவு செய்தார்.

அதே போட்டியில் டொனால்ட் கிரோஹர்ஸ்ட் என்பவரும் புறப்பட்டார். நான்கு குழந்தைகளின் தந்தை. முழுமையாக ஆயத்தமாகாத படகு; தொடக்கத்திலேயே நீர்க்கசிவு. பாதியில் திரும்பினால் வீடும் தொழிலும் கடனில் போய்விடும் நிலை. எனவே அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்யான இருப்பிடங்களை வானொலி வழியே அறிவித்தார். 1969 மார்ச்சில் அர்ஜெண்டினாக் கரையில் யாருமறியாமல் ஒதுங்கிப் படகைச் செப்பனிட்டுக்கொண்டார். மரத்தின் பழுது சரியாயிற்று. சொல்லின் பழுதோ நாளுக்கு நாள் விரிந்தது. ஜூலை 10 அன்று ஆளில்லாத படகு மட்டுமே கண்டெடுக்கப்பட்டது.

அவரைத் தீயவர் என்று தள்ளிவிட என் மனம் ஒப்பவில்லை. தோல்வியைச் சொல்ல அஞ்சியவர் அவர். நல்ல செய்தியை மட்டுமே எதிர்பார்த்துக் கரையில் காத்திருந்தவர்களுக்கும் அந்த அச்சத்தில் பங்கில்லையா?

பழுதை ஒளிக்காமல் சொன்னவர் ஒருவர் நம் நாட்டிலேயே உண்டு. கேரளத்தைச் சேர்ந்த அபிலாஷ் டோமி, 2018இல் அப்போட்டியின் பொன்விழாவில், சுகைலியின் வடிவிலேயே கோவாவில் கட்டப்பட்ட 'துரியா'வில் சென்றார். செப்டம்பர் 21 அன்று இந்தியப் பெருங்கடலின் புயலில் பாய்மரம் முறிந்தது. அவரது முதுகெலும்பும் முறிந்தது. எழ இயலவில்லை என்று ஒளிவின்றிச் செய்தி அனுப்பினார். மூன்றாம் நாள் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று வந்து மீட்டது. போட்டி போயிற்று, உயிரும் பெயரும் நின்றன. 2022இல் மீண்டும் புறப்பட்டார். காற்றின் திசையறிந்து தானே படகைச் செலுத்தும் கருவி வழியில் உடைந்தபோது, கழிப்பறைக் கதவையே அறுத்து அதற்கு உறுப்பாக்கினார். வசதி தந்ததை இழந்து திசையைக் காத்துக்கொண்டார். 2023 ஏப்ரல் 29 அன்று இரண்டாமவராகக் கரை சேர்ந்தார்.

நடுக்கடலில் புதுப்பலகை கிடைப்பதில்லை. ஒன்றை இழந்தே மற்றொன்றைக் காக்க முடியும். பவுலடியார் சென்ற கப்பலில் இருந்தோர் சரக்கையும், கப்பலின் தளவாடங்களையும், இறுதியில் உணவான கோதுமையையும் கடலில் எறிந்ததைத் திருத்தூதர் பணிகள் கூறுகிறது. கப்பல் உடைந்தது, 276 பேரும் பிழைத்தனர். எதை விடலாம், எதை விடலாகாது என்று தெளிவதே பழுது பார்ப்பவருக்கு வேண்டிய முதல் அறிவு. நம் குடும்பங்களில் பல வேளைகளில் நாம் மதிப்பைக் காக்க உண்மையை எறிந்துவிடுகிறோம். கடனை மனைவியிடமும், நோயை மக்களிடமும் மறைக்கிறோம். வெளியே பலகை ஒழுங்காய்த் தெரிகிறது. உள்ளே நீர் ஏறிக்கொண்டிருக்கிறது.

நாக்ஸ்-ஜான்ஸ்டன் தமக்குக் கிடைத்த 5,000 பவுன் பரிசுத் தொகையைக் கிரோஹர்ஸ்டின் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார். கரை சேர்ந்தவர் கரை சேராதவருக்குச் செய்ய வேண்டியது இதுவே.

மீண்டும் நம் கண்மாய்க் கரைக்கு வருவோம். நள்ளிரவில் கசிவைக் கண்ட நீர்பாய்ச்சி ஊரைக் கூவி எழுப்புகிறார். தாம் சற்றே கண்ணயர்ந்த வேளையில் அது நேர்ந்திருக்கலாம், இருந்தும் கூவுகிறார். அந்நேரத்தில், "யார் காவல்?" என்று விசாரிக்கத் தொடங்கும் ஊர், தன் கண்மாயை இழக்கும். மண்வெட்டியோடு ஓடிவரும் ஊரில்தான் அடுத்த முறையும் ஒருவர் அஞ்சாமல் கூவுவார்.