மறைத்தலும் அருளலும்: வீட்டுக் கணினியின் முழு அதிகாரம்

வீட்டுக் கணினியில் புதிய மென்பொருள் ஒன்றை நிறுவ முற்படுபவர், அட்மினிஸ்ட்ரேட்டரின் கடவுச்சொல்லை இடுமாறு கேட்கும் அறிவிப்பைத் திரையில் காணும்போது, விலை கொடுத்து வாங்கிய பொருளின்மீது வாங்கியவருக்கே ஏன் முழு உரிமை இல்லை என்று கேட்பது இயல்பு. உடையவர் தம் உடைமையின் முழு அதிகாரத்தோடு எந்நேரமும் இயங்க வேண்டுமா, ஒருவரிடமிருந்து அதிகாரத்தை மறைத்து வைப்பது எப்போது நியாயமாகும் என்னும் இரண்டு பழைய வினாக்கள் அக்கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. காரைக்குடியை அடுத்த குன்றக்குடியில் சைவ சித்தாந்த மடமும், கோவிலூரில் தமிழ்வழியே வேதாந்தம் பயிற்றிய மடமும் அமைந்திருப்பதாலும், அங்குள்ள வணிகச் சமூகத்தாரான நகரத்தாரின் தொழிலே அதிகாரத்தைப் பிறர் கையில் ஒப்படைக்கும் கலையின்மேல் நின்றதாலும், இவற்றை ஆராயச் செட்டிநாடு ஏற்ற களமாகிறது.

அட்மினிஸ்ட்ரேட்டர் எனப்படுபவர், கணினியின் அடிப்படைக் கோப்புகளை மாற்றவும், அனைவருக்கும் பொதுவான மென்பொருளை நிறுவவும் நீக்கவும், பிறர் கணக்குகளை உண்டாக்கவும் அழிக்கவும் வல்லவர். 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் இயங்குதளத்தில் இவருக்கு ‘ரூட்’ என்று பெயர். இவருடைய பயனர் எண் பூச்சியம். சாதாரணப் பயனரோ தம் கோப்புகளை மட்டுமே ஆளலாம். செட்டிநாட்டு வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு தம்பதிக்கும், வளவு எனப்படும் நடுமுற்றப் பகுதியைச் சுற்றித் தனி அறையும் பூட்டும் உண்டு. ஆனால் பொதுவான வளவின் தூணை எந்தப் பங்காளியும் தனித்து முடிவெடுத்துப் பெயர்த்துவிட முடியாது என்பதை இதனோடு ஒப்பிடலாம். இங்கு அறியவேண்டிய நுட்பம் ஒன்றுண்டு: மென்பொருள், தன்னை இயக்குபவரின் அதிகாரத்தைத் தானும் பெற்றே இயங்குகிறது. தமிழில் தட்டெழுதுவதற்காக எ-கலப்பையை நிறுவியவர், அதே முழு அதிகார நிலையில் இருந்தபடி முன்பின் அறியாத கோப்பொன்றைத் திறந்தால், அதில் ஒளிந்துள்ள தீய நிரலும் முழு அதிகாரத்தோடு செயற்படும். 2001இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் வீட்டுப் பயனர் பெரும்பாலும் அட்மினிஸ்ட்ரேட்டராகவே இருந்தார். 2007இல் பொதுமக்களிடம் வந்த விஸ்டா, அவர் அட்மினிஸ்ட்ரேட்டராகவே உள்நுழைந்தாலும் நிரல்களைச் சாதாரண அதிகாரத்தோடு இயக்கி, தேவை எழும்போது மட்டும் திரையை மங்கச் செய்து ஒப்புதல் கேட்டது. எந்த நிரலும் தன் பணிக்கு வேண்டிய மிகக் குறைந்த அதிகாரத்தோடு இயங்க வேண்டும் என்று கணினியியலாளர்களான சால்ட்சரும் ஷ்ரோடரும் 1975இல் வகுத்துரைத்த நெறி, பலருக்கு எரிச்சலூட்டிய அந்த ஒப்புதல் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைந்தது.

உடைமை வேறு, செயலதிகாரம் வேறு என்பது நகரத்தாருக்குப் புதிய செய்தியன்று. பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் நடந்த கொடுக்கல் வாங்கலில், முதலாளி ஊரில் இருக்க, அவர் எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தின் வலிமையால் ஏஜெண்டு கடன் கொடுத்தார், வாங்கினார், வழக்காடினார். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்பினார். ஏஜெண்டு செய்த ஒப்பந்தம் முதலாளியே செய்ததைப் போன்ற விளைவுடையது என்பது 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் கூறும் விதியாகும். ஆதலால் பத்திரத்தை யாருக்கு எழுதுவது என்பதில் முதலாளிகள் கண்ணும் கருத்துமாக இருந்தனர். கணினித் திரையில் ‘ஆம்’ என்பதை அழுத்துபவர் செய்வதும் அத்தகைய பத்திரம் எழுதுவதே. முகமறியாத ஒருவருக்கு, தவணை குறிக்காமல், படித்தும் பாராமல் எழுதுகிறார் என்பதுதான் வேறுபாடு.

ஏஜெண்டின் நிலையைச் சைவ சித்தாந்தம் உயிரின் நிலையாகவே காண்கிறது. மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் பத்தாம் சூத்திரம் கூறும் ‘இறைபணி நிற்றல்’ என்பது, உயிர் தன் செயலெல்லாம் இறைவன் செயலே என உணர்ந்து நின்று, யான் எனது என்னும் செருக்கை விடுவதாகும். கைவல்ய நவநீதம் முதலிய நூல்களைப் பாடம் சொல்லி வந்த கோவிலூர் மரபு இதற்கு உடன்படாது. ஆன்மா பிரமமே ஆதலின் தலைமை அதற்கு இயல்பானது என்றும், செயல்புரிவது போலத் தோன்றும் அகங்காரத்துக்கு அது வெறும் சாட்சி என்றும் அம்மரபு கூறும். உயிர் ஒருபோதும் உடையவன் அன்று என்பது ஒரு கட்சி. ஒருபோதும் உடைமையை இழந்ததே இல்லை என்பது மற்றொரு கட்சி. வியப்பு என்னவெனில், கணினியின்முன் அமரும்போது இரு கட்சியாரும் ஒரே ஒழுக்கத்துக்கு வந்து சேர்வர்: அன்றாட வேலையைச் சாதாரணப் பயனராகச் செய்து, நிறுவும் பொழுதுக்கு மட்டும் முழு அதிகாரத்தை அழைத்து, வேலை முடிந்ததும் அதை விட்டுவிடுவர்.

இரண்டாம் வினாவில்தான் வழிகள் பிரிகின்றன. வேதாந்தத்துக்கு மறைப்பு என்பது அறியாமை. நீக்குதற்கு உரியது, அவ்வளவே. சித்தாந்தமோ படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலுள் மறைத்தலையும் இறைவனுக்கே உரியதாக்கி, கூத்தப்பெருமானின் ஊன்றிய திருவடியை அதற்கும் தூக்கிய திருவடியை அருளலுக்கும் குறியாகக் கொள்கிறது. திரோதானம் எனப்படும் இம்மறைப்பு, உயிரைப் பற்றிய மாசாகிய மலம் பக்குவம் எய்தும் வரை உண்மையை மூடி வைத்து, பக்குவம் வந்ததும் தானே அருளாக மாறுவது. ஆணவ மலத்தின் மறைப்போ தன்னையும் காட்டாமல் பிறவற்றையும் காட்டாமல் விடாது பற்றுவது. இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் வேதாந்தத்தைவிடச் சித்தாந்தத்தில் கூர்மையாக அமைந்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனம் 2015 முதல் தன் கணினிகளில் ரூட் கூட இயங்குதளக் கோப்புகளைத் தொடாதபடி காப்பு அமைத்தது. ஆயினும் உடையவர் மீட்பு நிலையில் கணினியைத் தொடங்கி அதை அணைக்க வழி விட்டிருப்பதால், அக்காப்பு முதல் வகையில் சேரும். உடையவர் எத்தனை கற்றாலும் திறவாத பூட்டோடு விற்கப்படும் கைப்பேசிகள் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை.

வீட்டில் கடவுச்சொல்லை வைத்திருக்கும் அப்பச்சிக்கும், அதாவது தந்தைக்கும், இதே அளவுகோல் பொருந்தும். வணிகத்தில் மகனை எடுத்த எடுப்பில் ஏஜெண்டாக்கியதில்லை. பணப்பெட்டியின் அருகில் அமரும் பெட்டியடிப் பையனாகத் தொடங்கி, அடுத்தாள் என்னும் துணைநிலையைக் கடந்தே அவன் மேலாள், அதாவது ஏஜெண்டு, ஆனான். பொதுவான வீட்டுக் கணினியில் சாதாரணப் பயனர், அட்மினிஸ்ட்ரேட்டர் என்னும் இரண்டே படிகள் இருப்பதும், இடையில் அடுத்தாள் இல்லாததும் பெருங்குறை. 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் உருவான ‘சூடோ’ என்னும் கருவி, எந்த ஆணையை எவர் முழு அதிகாரத்தோடு இயக்கலாம் எனத் தனித்தனியே எழுதி வைக்க இடம் தந்து, அந்த இடைப்படிக்கு ஒரு வழி காட்டுகிறது. 2011இல் தமிழக அரசு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது, விண்டோஸோடு சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் என்னும் இயங்குதளமும் அதில் இடம்பெற்றது. பல வீடுகளில் முதற் கணினியாக வந்த அக்கருவியை இயக்கத் தெரிந்தவர் பள்ளிப் பிள்ளையே ஆதலால், கற்பித்துப் படிப்படியாக அதிகாரம் தர வேண்டிய பொறுப்பு அவ்வீடுகளில் மகளுக்கோ மகனுக்கோ உரியதாயிற்று. பெட்டியடியில் அமர வேண்டியவர் அப்பச்சியே ஆனார்.